வாசகர் கேள்வி – பதில்: வாசலில் ஒரு தமிழ், அடுப்படியில் ஒரு தமிழ்

இம்முறை வந்த கடிதங்களில் பல, யாரிடம் எப்படிப் பேசுவது என்ற ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்ததால், மற்றவற்றை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெயரைப் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால், எல்லோருக்கும் ஊர்ப்பெயர் மட்டுமே போட்டிருக்கிறேன்.

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் பொள்ளாச்சி, வேலை சென்னையில். அலுவலகத்தில் ஒரு மாதிரியும், வீட்டுக்குப் போன் செய்யும்போது எங்கள் ஊர் மாதிரியும் பேசுகிறேன். என்னோடு தங்கியிருக்கும் தோழி, "இரண்டில் எதுதான் உன் நிஜமான பேச்சு? ஏன் நடிக்கிறாய்?" என்று கேலி செய்கிறாள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. – பொள்ளாச்சி வாசகி

பதில்: உங்கள் தோழி தம் தாயாரோடு பேசுவதை ஒரு நாள் பக்கத்திலிருந்து கேளுங்கள், கேள்விக்கு அவரே பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

தமிழ் பேசுகிறவர் யாருக்கும் ஒரே ஒரு தமிழ் இருந்ததில்லை. "அவர்கள் வந்துவிட்டார்கள்" என்று எழுதுகிற அதே ஆள்தான், பேனாவைக் கீழே வைத்த மறுகணம் "அவங்க வந்துட்டாங்க" என்று வாசலைப் பார்த்துச் சொல்கிறார். இந்த இரண்டுக்கும் நடுவில் அவர் எந்த வேடத்தையும் மாற்றிக்கொள்ளவில்லை. தொல்காப்பியத்தின் பாயிரமே "வழக்கும் செய்யுளும் ஆயிரு முதலின்" என்று, பேச்சையும் செய்யுளையும் இரண்டு மூலங்களாக அருகருகே வைத்துத்தான் பேசுகிறது. இத்தாலியிலிருந்து மதப்பணிக்காக வந்த வீரமாமுனிவர் செந்தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதியதோடு நிற்காமல், அன்றாடப் பேச்சான கொடுந்தமிழுக்கும் தனியாக ஓர் இலக்கணத்தை 1728-இல் இலத்தீனில் எழுதினார். அது பத்து ஆண்டுகள் கழித்துத் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. செந்தமிழை மட்டும் கற்றுக்கொண்டு வருகிற பாதிரியார் ஒரு தெருவில் வழி கேட்டுக்கூடப் போய்ச் சேர முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1959-இல் சார்லஸ் பெர்குசன் என்ற அமெரிக்க மொழியியலாளர், அரபு, கிரேக்கம், சுவிட்சர்லாந்தின் ஜெர்மன் முதலிய மொழிகளை வைத்து இந்த நிலைமைக்கு ஒரு கலைச்சொல்லை நிலைநிறுத்தினார். தமிழில் அதை இரட்டை வழக்கு என்கிறோம். பெயர் வந்ததுதான் அப்போது. விஷயம் நம் வீட்டுத் திண்ணையில் எப்போதும் உட்கார்ந்திருந்தது.

உங்கள் விஷயத்தில் மூன்றாவதாக ஓர் அடுக்கும் இருக்கிறது. எழுத்துத் தமிழ், ஊர்த் தமிழ் ஆகியவற்றோடு, பல ஊர்க்காரர்கள் கூடும் இடத்தில் யாருடைய ஊர் வாடையும் தூக்கலாக இல்லாமல் பேசுகிற ஒரு பொதுப் பேச்சு இருக்கிறதே, அது. உங்கள் ஊரில் "சரிங்", "ஆமாங்", "இல்லீங்" என்று ஒவ்வொரு சொல்லின் வாலிலும் ஒரு மரியாதை ஒட்டிக்கொண்டு வரும். அதைக் கேட்டே வளர்ந்தவர்களுக்கு அது காதில் விழுவதுகூட இல்லை. ஆனால் சென்னையில் பக்கத்து மேசைக்காரர் அதைக் கேட்டால், நீங்கள் அளவுக்கு மீறிப் பணிகிறீர்கள் என்றோ, கிண்டல் செய்கிறீர்கள் என்றோ நினைக்க இடம் உண்டு. ஆகவே அலுவலகத்தில் அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறீர்கள். எதிரில் இருப்பவருக்கு நீங்கள் நினைத்த அளவு மரியாதைதான் போய்ச் சேர வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்ற கணக்கு அது. அதற்கு நடிப்பு என்று பெயர் வைப்பது நியாயமில்லை.

நடிப்பு என்று நான் சொல்லக்கூடியது வேறு. சென்னையில் ஆறு மாதம் இருந்துவிட்டு ஊருக்குப் போய், அம்மா "சோறு உண்டாச்சா?" என்று கேட்கும்போது அந்தச் சொல்லே புரியாதவர் போல் முகத்தை வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், அதுதான் நடிப்பு. நீங்கள் அப்படிச் செய்வதாகக் கடிதத்தில் இல்லை. ஒரே ஒரு வேண்டுகோள்: அலுவலகத்திலும் அந்த "ங்க"வை முழுக்கத் துடைத்து எடுத்துவிடாதீர்கள். மற்ற ஊர்க்காரர்கள் பேச்சில் நான் பொறாமைப்படும் சில விஷயங்களில் அதுவும் ஒன்று.

கேள்வி: நானும் என் கணவரும் கல்லூரியில் ஒரே வகுப்பு. அப்போதிருந்தே "வாடா", "போடா" என்றுதான் பேச்சு. திருமணமாகி மாமியார் வீட்டுக்கு வந்தபின், அவர்கள் எதிரில் நான் "நீ" என்று சொன்னாலே மாமியாரின் முகம் மாறுகிறது. தனியாக இருக்கும்போது "நீங்க" என்றால் கணவர் சிரிக்கிறார். என்ன செய்வது? – திருச்சி வாசகி

பதில்: இது உங்கள் இருவருக்கும் இடையிலான சொல் மட்டும் என்றால் சிக்கலே இல்லை. தமிழில் ஒருவரை அழைக்கும் சொல், அழைக்கப்படுகிறவருக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறவருக்கும் அதில் ஒரு பங்கு போய்விடுகிறது. உங்கள் மாமியாரின் காதில் விழுவது "நீ" என்ற ஓரெழுத்துச் சொல் அல்ல. "உங்கள் பிள்ளை எனக்கு இவ்வளவுதான்" என்ற ஒரு வாக்கியம். நீங்கள் அப்படி நினைக்கவில்லை என்பது எனக்கும் தெரியும், உங்கள் கணவருக்கும் தெரியும். மாமியாருக்குத் தெரிய இன்னும் கொஞ்ச காலம் ஆகும்.

இதில் ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். ஒருவரையே பன்மையில் சொல்லும் வழக்கத்தைத் தொல்காப்பியர் அறிந்திருக்கிறார். அதை "வழக்கின் ஆகிய உயர்சொல் கிளவி" என்று குறித்துவிட்டு, ஆனால் "இலக்கண மருங்கிற் சொல்லாறு அல்ல" என்று தள்ளியும் வைக்கிறார். அதாவது, உங்கள் மாமியார் கேட்கிற மரியாதை இலக்கணத்தில் இடம்பெறாமல், பேச்சு வழக்கிலேயே பிறந்து, அந்த வழக்கின் பலத்திலேயே இத்தனை நூற்றாண்டுகள் நின்றிருக்கிறது. இலக்கணத்தைக் காட்டி அவரிடம் வாதாடிவிடாதீர்கள். வழக்குதான் எப்போதும் ஜெயித்திருக்கிறது.

ஊருக்கு ஊர் இதில் வேறுபாடும் உண்டு. யாழ்ப்பாணத்தில் "நீ"க்கும் "நீங்கள்"க்கும் நடுவில் "நீர்" என்ற ஒரு படி இன்னும் உயிரோடு இருக்கிறது. கணவன் மனைவி அதில் பேசிக்கொண்டால் நெருக்கமும் குறையாது, மதிப்பும் குறையாது. திருநெல்வேலிப் பக்கத்திலும் "என்னவே, எப்ப வந்தீரு?" என்று ஒத்த வயதுக்காரர்கள் கேட்டுக்கொள்வார்கள். திருச்சியில் அந்த நடுப்படி இல்லாததால்தான் நீங்கள் மேல்படியிலும் கீழ்ப்படியிலும் மாறி மாறிக் கால் வைக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் தமிழ் உங்களுக்கு ஒரு குறுக்கு வழியையும் விட்டு வைத்திருக்கிறது. நம் வினைச்சொற்களில் பெரும்பாலானவை, யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை ஈற்றிலேயே காட்டிக்கொடுத்துவிடும்: "வந்தியா" என்றால் ஒன்று, "வந்தீங்களா" என்றால் வேறொன்று. எனினும் சில சொற்கள் யாருக்கும் வளைந்துகொடுக்காமல் எல்லோருக்கும் பொதுவாக நிற்கும். "உண்டு", "இல்லை", "வேறு" ஆகிய மூன்றும் ஐந்து பாலுக்கும் மூன்று இடத்துக்கும் பொது என்று நன்னூல் சொல்கிறது. "வேண்டும்" என்பதும் அப்படியே. பேச்சில் "–லாம்", "–ணும்" என்று முடிகிற வினைகளும் இந்தக் கூட்டத்தில் சேரும். ஆகவே மாமியார் கூடத்தில் இருக்கும்போது "காபி வேணுமா?", "கிளம்பலாமா?", "சாவி மேசை மேல இல்லையே?", "சாயங்காலம் டாக்டர்ட்ட போகணும்" என்று பேசிப் பாருங்கள். நாள் முழுக்க ஒரு "நீ"யும் இல்லாமல், ஒரு "நீங்க"வும் இல்லாமல் ஓட்டிவிடலாம். முந்தைய தலைமுறைப் பெண்களில் பலர் கணவரின் பெயரைச் சொல்லாமலும், எதிரில் நின்று விளிக்காமலும் ஐம்பது வருடக் குடித்தனம் நடத்தியது பெரும்பாலும் இந்தச் சொற்களை வைத்துக்கொண்டுதான்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. உங்கள் கணவர் உங்களை அதே கூடத்தில், அதே மாமியார் எதிரில் "நீ" என்றுதான் அழைத்துக்கொண்டிருப்பார். அது யாருடைய காதையும் உறுத்தியிருக்காது. அவரும் பிறர் எதிரில் "நீங்க" என்று அழைக்கத் தொடங்கினால், உங்கள் மாமியார் எந்தப் பக்கம் திரும்பி முகத்தை மாற்றிக்கொள்வார் என்று அறிய எனக்கும் ஆவலாக இருக்கிறது. எழுதுங்கள்.

கேள்வி: "ஜி", "ப்ரோ", "பாஸ்", "தல" என்றெல்லாம் அழைக்கிறார்களே, முன்பின் தெரியாதவரை எப்படி அழைப்பதுதான் சரி? – வேலூர் வாசகர்

பதில்: பேருந்தில் நடத்துனருக்கு "அண்ணே" போதும்; நெல்லைக்காரர் நடத்தும் பலசரக்குக் கடை என்றால் "அண்ணாச்சி". உங்களைவிட வயது குறைந்தவர் போல் தெரிந்தால் "தம்பி" என்பதைவிட "சார்" என்பது பாதுகாப்பு, ஏனென்றால் "தம்பி" என்று கூப்பிடப்பட்டவர் பல சமயம் ஒரு அதிகாரியாக இருந்து தொலைக்கிறார். பெண்களிடம் "ஆன்ட்டி"யைத் தவிர்த்துவிடுங்கள். முப்பது வயதுக்காரரை அப்படி அழைத்துவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "ப்ரோ"வுக்கு நான் எதிரியில்லை. வயதும் சாதியும் பதவியும் கேட்காமல் இரண்டு பேரைச் சமமாக நிற்க வைக்கிற ஒரு சொல் தமிழ்நாட்டில் புழங்குவது நல்லதுதான்.

கேள்வி: ஒரு வங்கிக் கிளையில் வாடிக்கையாளர்களோடு பேசும் இருக்கையில் வேலை பார்க்கிறேன். எங்கள் பக்கத்தில் கிராமத்து முதியவர்கள்தான் அதிகம் வருவார்கள். வங்கியின் அறிவிப்பில் உள்ள தமிழில் சொன்னால் விழிக்கிறார்கள். அவர்கள் பேசுவது போலவே பேசினால், "கொச்சையாகப் பேசாதே, மரியாதைக் குறைவு" என்று மேலதிகாரி கண்டிக்கிறார். யார் சொல்வது சரி? – அருப்புக்கோட்டை வாசகர்

பதில்: நீங்கள் செய்வது சரி, அவர் பயப்படுவதிலும் ஒரு நியாயம் உண்டு. இரண்டு வேறு விஷயங்கள் ஒன்றாகப் பிணைந்து கிடப்பதால்தான் இந்தக் குழப்பம்.

ஒருவரோடு பேசும்போது நாம் இரண்டு திருகுகளைத் திருகுகிறோம். ஒன்று சொல் எவ்வளவு கடினமானது, எவ்வளவு எளிமையானது என்பது. மற்றது அந்தப் பேச்சில் எவ்வளவு மரியாதை இருக்கிறது என்பது. பலர் முதல் திருகைத் தளர்த்தும்போது, தம்மை அறியாமலேயே இரண்டாவதையும் சேர்த்துத் தளர்த்திவிடுகிறார்கள். எளிய சொல்லுக்கு இறங்கியதும் "நீங்க" என்பது "நீ" ஆகிறது, "சொல்லுங்க" என்பது "சொல்லு" ஆகிறது, குரல் ஒரு கட்டை உயர்கிறது. எதிரில் இருப்பவருக்குக் காது கேட்காது என்பது போலவும், விஷயம் புரியாதவர் எல்லோரும் செவிடர் என்பது போலவும். உங்கள் மேலதிகாரி இதைத்தான் எங்கேயோ பார்த்திருக்க வேண்டும்.

ஒரு எடுத்துக்காட்டு. "தங்கள் கணக்கில் குறைந்தபட்ச இருப்புத்தொகை பராமரிக்கப்படாத காரணத்தால் அபராதத் தொகை பிடித்தம் செய்யப்பட்டுள்ளது" என்பது அறிவிப்புப் பலகைத் தமிழ். இதை ஒரு பெரியவரிடம் வாய்விட்டு வாசித்தால், தன் பணம் எங்கோ போய்விட்டது என்பதைத் தவிர வேறு எதுவும் அவருக்குப் புரியாது. "ஐயா, கணக்குல எப்பவும் ஆயிரம் ரூபாயாவது கிடக்கணும்ங்க. போன மாசம் அதுக்கும் கீழ போயிருச்சு. அதனாலதான் புடிச்சிருக்காங்க. இனிமே அதுக்கு மேல வச்சுக்கிட்டீங்கன்னா புடிக்க மாட்டாங்க" என்று சொல்லிப் பாருங்கள். இதில் ஒரு கடினமான சொல்லும் இல்லை. மரியாதையிலும் ஒரு குண்டுமணி குறையவில்லை. "இருப்புத்தொகை" போயிற்று, "ஐயா"வும் "ங்க"வும் இருக்கின்றன. இதைக் கொச்சை என்று யார் சொல்வார்கள்?

சொற்களைத் தேர்ந்தெடுக்கும்போது அவர்கள் வாயில் ஏற்கெனவே இருப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். "பணம் எடுப்புப் படிவம்" யாருக்கும் தெரியாது. "பணம் எடுக்கிற சலான்" எல்லோருக்கும் தெரியும். "சேமிப்புக் கணக்குப் புத்தகம்" என்று நீங்கள் கேட்டால் அவர் மடியைத் தடவிப் பார்த்துவிட்டு இல்லை என்பார். "பாஸ்புக்" என்றால் அடுத்த நொடி எடுத்து நீட்டுவார். தமிழ் ஆசிரியனாகப் பல வருடம் பிழைப்பு நடத்தியவன் இப்படி எழுதுவதைப் பார்த்துச் சிலர் வருந்தலாம், வருந்தட்டும். அந்த ஜன்னலுக்கு முன்னால் நிற்கிறவருக்கு வேண்டியது அவருடைய முதியோர் பென்ஷன்.

இன்னொரு சின்னச் சொல்லையும் கவனியுங்கள். பேசுகிறவரையும் கேட்கிறவரையும் சேர்த்துச் சொல்கிற "நாம", கேட்கிறவரை வெளியே நிறுத்திச் சொல்கிற "நாங்க" என்று தமிழில் இரண்டு தன்மைப் பன்மைகள் இருக்கின்றன. "எங்க பேங்க்ல அப்படித்தான் ரூல்ஸ்" என்றால் அவர் அந்நியர். "நம்ம பேங்க்ல இப்படி ஒண்ணு வச்சிருக்காங்க" என்றால் அவரும் நீங்களும் ஒரு பக்கம், விதி மட்டும் எதிர்ப்பக்கம். ஒரே விதிதான், கோபத்தின் அளவு மட்டும் வேறாக இருக்கும்.

இந்தக் கேள்விக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுவதற்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் ஒரு பட்டா மாறுதல் வேலையாக, எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரோடு துணைக்கு ஓர் அரசு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். நிலம் அவருடையது, நான் வெறும் துணை. நான் பேண்ட் சட்டையில் இருந்தேன், அவர் முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டியும் தோளில் துண்டுமாக இருந்தார். இருக்கையில் இருந்த இளைஞர் என்னைப் பார்த்து "உக்காருங்க சார், சொல்லுங்க" என்றார். விஷயம் இவருடையது என்று நான் கையைக் காட்டியதும், அதே வாய், மூச்சுக்கூட விடாமல், "என்னய்யா, மூலப்பத்திரம் கொண்டாந்தியா?" என்று அவர் பக்கம் திரும்பியது. பெரியவருக்கு அப்போது எழுபதைத் தாண்டியிருக்கும். அவர் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "கொண்டாந்திருக்கேங்க" என்றார். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன் என்பது இன்றுவரை எனக்கு வலிக்கிறது. எழுந்து அவரை உட்கார வைக்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அந்த இளைஞர் பேசியதில் ஒரு கடினமான சொல்கூடக் கிடையாது. பெரியவருக்குப் புரிகிற தமிழில்தான் பேசினார். நடை மாறியது அதற்காக அல்ல. துணியையும் தோலையும் பார்த்து "நீங்க"விலிருந்து "நீ"க்கு இறங்கும் பழக்கம் நம்மிடம் சாதியோடு சேர்ந்து வளர்ந்தது. தலைமுறை தலைமுறையாக, சின்னப் பையன்கள் வாயால்கூட "வாடா", "போடா" என்று அழைக்கப்பட்டு நரைத்த தலைகள் நம் ஊர்களில் ஏராளம். ஆகவே கேட்பவருக்கு ஏற்றபடி எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள், சொல்லை, வேகத்தை, உச்சரிப்பை, ஊர் வழக்கை. வினைமுற்றின் வாலில் இருக்கிற அந்த "ங்க" மட்டும் வருகிற எல்லோருக்கும் ஒரே அளவில் இருக்கட்டும். இதை உங்கள் மேலதிகாரியிடம் சொல்லிப் பாருங்கள், அவர் ஒப்புக்கொள்வார் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: விடுப்பு கேட்டால் எங்கள் மேலாளர் "பார்க்கலாம்" என்கிறார். அதற்கு என்ன அர்த்தம்? – ஓசூர் வாசகர்

பதில்: காமராஜர் "ஆகட்டும், பார்க்கலாம்" என்று சொல்லியிருந்தால் ஊருக்குப் போகப் பெட்டியைக் கட்டலாம். உங்கள் மேலாளர் "ஆகட்டும்" என்பதை விட்டுவிட்டாரே, கவனிக்கவில்லையா?

கேள்வி: எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் பெற்றோர் முன் வரவேற்புரை ஆற்றச் சொல்லியிருக்கிறார்கள். மேடை என்றால் செந்தமிழில்தான் பேச வேண்டுமா? இயல்பாகப் பேசினால் தரம் குறைந்துவிடுமா? – கும்பகோணம் ஆசிரியை

பதில்: மேடைத் தமிழுக்கு ஒரே ஒரு வார்ப்பு இருந்ததில்லை. அண்ணா அடுக்குமொழியால் கூட்டத்தைக் கட்டிப்போட்டார். அவருக்குத் தலைவராக இருந்த பெரியாரோ, மணிக்கணக்கில், வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசுவது போலவே மேடையிலும் பேசினார். ஒரே இயக்கம், ஒரே கூட்டம். இரண்டையும் மக்கள் கேட்டார்கள். ஆகவே தரம் நடையில் இல்லை.

ஆனாலும் உங்களுக்கு ஒரு யோசனை. நல்ல பேச்சாளர்களைக் கவனித்தால், அவர்கள் ஒரே நடையில் நிற்பதில்லை என்பது தெரியும். "பெருமதிப்பிற்குரிய பெற்றோர்களே" என்று விளிக்கும்போதும், ஆண்டறிக்கையை வாசிக்கும்போதும், குறளைச் சொல்லும்போதும் எழுத்துத் தமிழ். "போன வாரம் ரெண்டாம் வகுப்புப் பையன் ஒருத்தன் எங்கிட்ட வந்து…" என்று ஒரு சம்பவத்துக்குள் நுழைந்ததும் பேச்சுத் தமிழ். அது முடிந்ததும் மறுபடியும் "அன்பார்ந்தவர்களே". அந்த இறக்கத்தில்தான் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். பையன் சொன்னதை "'ஆசிரியை அவர்களே, எனக்குப் பசிக்கின்றது' என்றான்" என்று செந்தமிழில் சொன்னீர்களானால் பின்வரிசையில் சிரிப்பு வரும். அது நீங்கள் எதிர்பார்த்த இடத்துச் சிரிப்பாக இருக்காது. நடுவில் கலந்தும் பேசாதீர்கள்: "வந்திருக்கின்ற உங்க எல்லாருக்கும் நான் நன்றியைத் தெரிவிச்சுக் கொள்கின்றேன்" என்பது இரண்டு படகிலும் கால் வைப்பது.

எதிரில் யார் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். "ஒளியார்முன் ஒள்ளிய ராதல் வெளியார்முன் வான்சுதை வண்ணம் கொளல்" என்று வள்ளுவர் அவையறிதலில் சொல்கிறார். அறிவாளர் முன் அறிவு விளங்கப் பேசு, அறியாதவர் முன் வெள்ளைச் சுண்ணாம்பு போல நீயும் வெறுமையாக இரு என்பது பொருள். முதல் பாதி எனக்குப் பிடிக்கும். பெற்றோர் கூட்டத்தை "வெளியார்" என்று எண்ணிக்கொண்டு மேடையேறுகிற ஆசிரியர்களைப் பார்த்திருப்பதால், இரண்டாம் பாதியை அங்கே கொண்டு போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: துக்க வீட்டுக்குப் போனால் என்ன பேசுவது என்றே தெரியவில்லை. சென்ற மாதம் ஒரு நண்பரின் தந்தை இறந்த வீட்டில், புறப்படும்போது "போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் முறைத்தார்கள். – தேனி வாசகர்

பதில்: எல்லா நாளும் "போறேன்" என்று சொல்லக் கூடாது, "போயிட்டு வர்றேன்" என்றே சொல்ல வேண்டும் என்று பழக்கிவிட்டு, ஒரே ஒரு வீட்டில் மட்டும் அதையே சொல்லக் கூடாது என்றால் நாக்கு என்ன செய்யும்? திரும்ப வருவதாகச் சொன்னால், இதே போன்ற ஒரு காரியத்துக்கு மறுபடி வருவதாக அர்த்தமாகிவிடும் என்பதுதான் அந்த விலக்கு. அந்த வீட்டில் வருகிறவரை "வாங்க" என்று வரவேற்பதும் கிடையாது. கையைப் பிடித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். புறப்படும்போதும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிடலாம். அதை யாரும் அவமரியாதையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இப்படிச் சொல்லத் தகாத சொல்லை நீக்கி வேறு சொல்லால் சொல்வதை நன்னூலார் தகுதி வழக்கு என்கிறார். அதில் ஒரு வகை மங்கலம்: செத்தார் என்னாமல் துஞ்சினார் என்பது, சுடுகாட்டை நன்காடு என்பது. அந்தச் சொற்கள் வழக்கொழிந்தாலும் பழக்கம் ஒழியவில்லை. விளக்கை அணைக்கச் சொல்லாமல் "அமர்த்து" என்பார்கள். இரவில் பாம்பைப் "பூச்சி" என்பார்கள். அம்மை கண்டவருக்கு "முத்து போட்டிருக்கு" என்பார்கள். சில வீடுகளில் உப்பு தீர்ந்துபோனால் "உப்பு நிறைஞ்சிருக்கு" என்றுதான் கடைக்கு ஆள் அனுப்புவார்கள்.

துக்க வீட்டில் "தவறிட்டார்", "காலமாயிட்டார்" இரண்டும் யார் வாயிலும் பொருந்தும். "நல்லபடியா போய்ச் சேர்ந்துட்டார்" என்பதில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். நீண்ட நாள் படுக்கையில் கிடந்து கஷ்டப்பட்ட முதியவரைப் பற்றி, அவரைக் கூடவே இருந்து பார்த்துக்கொண்ட மகள் அப்படிச் சொல்லலாம். அதற்குள் எத்தனை இரவுகள் இருக்கின்றன என்பது அவளுக்குத் தெரியும். பத்து நிமிடம் வந்து போகிற நமக்கு அந்தச் சொல்லில் உரிமை இல்லை. முறைத்தவர்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். உங்கள் நண்பருக்கு நீங்கள் வந்தது மட்டும்தான் நினைவில் இருக்கும்.

கேள்வி: சிங்கப்பூரில் வளரும் என் மகள், பள்ளியில் கற்ற தமிழில் தஞ்சாவூரில் இருக்கும் பாட்டியோடு வீடியோ அழைப்பில் பேசுகிறாள். "பாட்டி, நீங்கள் உணவு உண்டீர்களா?" என்று கேட்டால் அங்கே எல்லோரும் சிரிக்கிறார்கள். அவள் இப்போது பேசவே கூச்சப்படுகிறாள். – சிங்கப்பூர் வாசகி

பதில்: முதலில் தஞ்சாவூரில் சிரிக்கிறவர்களிடம் பேசுங்கள், அது அவசரம். குழந்தை தவறு எதுவும் செய்யவில்லை. தன்னிடம் இருக்கிற ஒரே தமிழை, முழு மரியாதையோடு, அந்த "நீங்கள்"கூட விடாமல், பாட்டிக்குக் கொடுத்திருக்கிறாள். நம் ஊர்க் குழந்தைகள் வீட்டுத் தமிழை முதலில் கற்று, எழுத்துத் தமிழை அப்புறம் பள்ளியில் கற்கிறார்கள். இவளுக்கு வரிசை தலைகீழாகிவிட்டது. சிங்கப்பூரிலேயே இதை உணர்ந்துதான், 2005-ஆம் ஆண்டில் நடந்த தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு, வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கும் இடம் கொடுக்கத் தொடங்கினார்கள். ஆனால் பேச்சுத் தமிழைப் பாடமாகச் சொல்லிக்கொடுப்பதற்கு ஓர் எல்லை உண்டு. அது சமையல் வாசனை மாதிரி, அடுப்பு எரிகிற இடத்தில்தான் வரும்.

ஆகவே "பேசு, பேசு" என்று போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள். பாட்டி கீரை ஆய்கிற நேரமாகப் பார்த்து அழைத்து, போனை அங்கே ஒரு செம்பில் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். இங்கே மகள் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரையட்டும். பாட்டி அங்கே யாரையோ அதட்டுவார், பால்காரரிடம் கணக்குப் பேசுவார், நடுவில் "என்னடி கண்ணு, சாப்டியா?" என்பார். அந்தக் கேள்விக்கு முதல் சில நாள் "உண்டுவிட்டேன், பாட்டி" என்றுதான் பதில் வரும். ஒரு நாள், வரைந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல் "சாப்டேன் பாட்டி" என்பாள். அப்போது யாரும் கை தட்டிவிடாதீர்கள்.